மூடியைத் திறந்து சாப்பிடு, கண்ணு!

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் புறப்படும் காலை மின்சார ரயிலில், கூடைக்காரர்கள் ஏறும் வெண்டர் பெட்டியில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். மழைக்காலம் என்றால் ஈரம் சொட்டும் கீரைக் கட்டுகள் இருக்கும். தை பிறந்துவிட்டால் மொச்சைக்காயும் பனங்கிழங்கும் வரும். சித்திரையில் மாங்காயும் நுங்கும். எந்த மாதமானாலும் ஒரு மூலையில் கருவாட்டுக் கூடை இருக்கும். காலண்டர் பார்க்காமலே இது என்ன மாதம் என்று சொல்லிவிடலாம். அந்தக் கூடைகளுக்கு நடுவே கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலர் நம் காலனிகளிலிருந்து வருகிறவர்கள்.

அண்மையில் அந்தப் பெட்டியில் ஒரு கல்லூரி மாணவியைப் பார்த்தோம். உட்கார இடம் கிடைத்ததும் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தார். மூடியை முழுதும் திறக்கவில்லை. பாதி திறந்து, துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு, அவசர அவசரமாகச் சாப்பிட்டார். வாசனை மறைக்க முடியாதது. கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். எதிரே கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஆயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மூடியத் தொறந்து சாப்புடு கண்ணு. திருடியா எடுத்தாந்த?”

பெட்டியே சிரித்தது. அந்த மாணவியும் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நாமும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சாப்பிட்டோம். புளிக்குழம்பும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்தவர்கள் மரத்தடியில் வட்டமாக உட்காருவார்கள். கருவாடும் களியும் கொண்டுவந்த நாங்கள் கட்டடத்தின் பின்பக்கம் போவோம். யாரும் எங்களைப் போகச் சொன்னதில்லை. ஆனாலும் போனோம்.

இந்த வெட்கம் இன்று நேற்று வந்ததில்லை. சங்க இலக்கியத்தின் பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி இருக்கிறது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பற்றி நல்லூர் நத்தத்தனார் பாடியது. அதில் பாணன் வீட்டு அடுக்களை வருகிறது. கூரை இற்று விழுந்திருக்கிறது, சுவரில் கறையான், தரையில் காளான். பசியால் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புகூட இல்லாமல் வேகவைக்கிறாள். பிறகு, அடுத்தவர் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்துகிறாள். சுற்றத்தாரெல்லாம் உள்ளே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

முதுகலை வகுப்பில் இதைப் பாடமாகப் படித்தபோது, வறுமையை எவ்வளவு அழகாகப் புலவர் காட்டியிருக்கிறார் என்று வியந்து பேசினார்கள். நமக்கு அந்தக் கதவுதான் கண்ணில் நின்றது. கீரை தின்பதற்கு ஏன் கதவைச் சாத்த வேண்டும்? கீரையில் என்ன குற்றம்? நம் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பசியை எழுதுகிறார்கள், அவமானத்தை எழுதுகிறார்கள். அதன் ருசியை எழுதுவது குறைவு. இந்த வாரம் அதையும், அந்த ருசி எங்கிருந்து வந்தது என்பதையும் பேசுவோம்.

மழையில் தொடங்கும் சமையல்

திருவள்ளூர் மாவட்டத்தில் நம் அடுப்பின் வருஷம் ஐப்பசி மழையில் தொடங்குகிறது. முதல் மழை விழுந்த பத்தாம் நாள் வரப்பெல்லாம் பச்சை. பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, சாரணை, மூக்கிரட்டை எல்லாம் யாரும் விதைக்காமல் முளைப்பவை. தண்ணீர் நின்ற வயலில் ஆரைக்கீரை. ஏரிக்கரை ஈரத்தில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும். களை பறிக்கப் போகும் பெண்கள் மடியில் ஒரு பிடி கீரை இல்லாமல் வீடு திரும்பியதில்லை. நிலத்துக்காரருக்கு அது களை. நமக்கு அது அன்றைய குழம்பு.

கலவைக் கீரைக் கடையலை நம் அம்மாக்கள் செய்யும் விதம் இது. கிடைத்த கீரையை எல்லாம் ஆய்ந்து, மண் போக மூன்று தண்ணீரில் அலச வேண்டும். மண்சட்டியில் ஒரு பிடி துவரம்பருப்பு. பருப்பு இல்லாத நாளில் அதுவும் வேண்டாம். பாதி வெந்ததும் கீரை, நாலைந்து பல் பூண்டு, பச்சை மிளகாய், சுண்டைக்காய் அளவு புளி. சட்டியை மூடக் கூடாது. மூடினால் கீரையின் பச்சை நிறம் போய்விடும். வெந்தபின் உப்புப் போட்டு, மத்தால் கடைந்து, தாளிப்பு வடகத்தைப் பொரித்துக் கொட்டினால் தெருவே மணக்கும். சுடுசோறோ களியோ எதுவானாலும் சரி. முழுச் சமையலும் அரை மணி நேரம்தான். எண்ணெய் ஒரு கரண்டிக்கு மேல் போகாது.

மழை வலுத்தால் வயல் நண்டும் நத்தையும் வரும். நண்டை அம்மியில் நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு வைக்கும் ரசம் சளிக்கு மருந்து. நத்தையை வெந்நீரில் போட்டு, ஊசியால் சதையை எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு நாலு முறை கழுவி, மிளகு போட்டு வதக்குவார்கள். மூலத்துக்கு நல்லது என்று சொல்லி, மற்ற தெருக்காரர்களும் ஒருகாலத்தில் இருட்டிய பிறகு நம் வீடுகளில் வந்து வாங்கிப் போனதுண்டு.

தையில் புது அரிசியும் மொச்சையும் பரங்கிக்காயும். மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு வைக்கும் புளிக்குழம்புக்கு அந்த மாதம் முழுக்க வேறு எதுவும் ஈடாகாது. பனங்கிழங்கை அவித்து, நார் உரித்து, உப்பும் மிளகாயும் சேர்த்து இடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். மாசி, பங்குனியில் ஏரி வற்றும். விரால், கெளுத்தி, கெண்டை, உளுவை எல்லாம் அப்போதுதான். பாதி குழம்புக்கு, மீதி உப்பில்.

சித்திரையில் மாங்காய். கருவாட்டோடு மாங்காய் சேர்ந்த குழம்பின் ருசி இரண்டாம் நாள்தான் தெரியும். அதற்குத் துணை பழைய சோறும் சின்ன வெங்காயமும். கத்தரிக்காயில் சென்னாகுன்னி போட்டால் வேறு மசாலா தேவையில்லை. ஆந்திர எல்லை பக்கம் என்பதால் ஆரம்பாக்கம், மாதர்பாக்கம் வீடுகளில் புளிச்சக்கீரைத் தொக்கும் உண்டு. மேய்ச்சல் காட்டில் களாக்காய், காரைப்பழம், ஈச்சம்பழம். ஆடு மேய்க்கப் போன பிள்ளைக்கு மதிய உணவே அதுதான். ஆடியில் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரைப் பொரியலும். மாட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்துக் காயவைத்த உப்புக்கண்டம், கீரை கிடைக்காத கோடைக்கு நாம் போட்டுவைத்த சேமிப்பு.

இதில் விலை கொடுத்து வாங்கியது உப்பு, மிளகாய், கொஞ்சம் எண்ணெய். மற்றதெல்லாம் மண்ணும் தண்ணீரும் நம் கையின் உழைப்பும் கொடுத்தது.

புத்தகத்தில் ஏறாத சமையல்

இன்று இதே சாப்பாட்டுக்கு வேறு பெயர் வந்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதன்பின் நகரத்து ஓட்டல்களில் கேழ்வரகுக் கூழ் கண்ணாடிக் குவளையில் வருகிறது. சத்தை மறுக்க முடியாது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். ஆனால், இந்த உணவை இத்தனை தலைமுறையாகக் காப்பாற்றிய கைகளைப் பற்றி அந்த விளம்பரங்களில் ஒரு வரியும் இருக்காது.

மராத்தி எழுத்தாளர் ஷாஹு பாட்டோலே இந்தக் குறையை எழுதித் தீர்க்க முயன்றார். மராத்வாடாவின் மகர், மாங் சமூகங்களின் சமையலை நினைவுகளோடும் செய்முறைகளோடும் 2015-இல் புத்தகமாக்கினார். ‘அன்ன ஹே அபூர்ண பிரம்ம’ என்பது அதன் பெயர். அன்னம் முழுமையான பிரம்மம் என்று சொல்லிவருகிறார்களே, எங்கள் அன்னம் அதில் சேராதபோது அது எப்படி முழுமையாகும் என்று தலைப்பிலேயே கேட்டுவிட்டார். 2024-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. திருவள்ளூர் மாவட்டத்துச் சேரிச் சமையலுக்கு அப்படி ஒரு புத்தகத்தை எழுத நம் மாணவர்களால் முடியும்.

நாம் என்ன சாப்பிடுகிறோம் என்பதைச் சாதி எப்போதும் கண்காணித்தே வந்திருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தைக் குறிப்பிடுகிறார். யாத்திரை போய் வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தம் மக்களுக்கு விருந்து வைத்தார். சாப்பாட்டில் நெய் இருந்தது. அவ்வளவுதான் குற்றம். தடிகளோடு கூட்டமாக வந்தவர்கள் உணவைப் பாழாக்கி, பந்தியில் இருந்தவர்களை அடித்துத் துரத்தினார்கள். நெய் தின்றால் அடி, கருவாடு தின்றால் இளக்காரம். பிரச்சினை பண்டத்தில் இல்லை, தின்கிறவர் யார் என்பதில் இருக்கிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதியினர் திரண்டதையும் நாம் மறக்கவில்லை. அதே அரிசி, அதே பருப்பு, அதே முட்டை. கரண்டி பிடித்த கைதான் அவர்களுக்கு உறுத்தியது.

அடுப்பு வீட்டில், விளைச்சல் புறம்போக்கில்

மேலே சொன்ன பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். வரப்பு, ஏரிக்கரை, மேய்ச்சல் காடு, வாய்க்கால். இவற்றில் எதற்கும் நம் பெயரில் பட்டா இல்லை. நிலமில்லாத மக்கள் இத்தனை விதமாகச் சாப்பிட முடிந்ததற்கு ஊர்ப்பொது நிலமே காரணம். அந்த நிலம் போனால் இந்தச் சமையலும் போகும்.

நிலம் நமக்கு வந்த கதையும் இந்த மண்ணில்தான் தொடங்கியது. திருவள்ளூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அதன் ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலையை விவரித்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதன் விளைவாக 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதுவே பஞ்சமி நிலம். வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப்போனது. அதை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸையும் ஏழுமலையையும் இழந்தோம்.

கும்மிடிப்பூண்டி பக்கம் பொதுநிலத்துக்கு என்ன ஆனது என்பதற்குத் தேர்வாய் கண்டிகை சாட்சி. பெரும்பாலும் தலித் குடும்பங்கள் வாழும் ஊர். ஊரை ஒட்டி ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்க்கால் நிலமும் காடுமாக இருந்த பகுதி சிப்காட் தொழிற்பேட்டைக்கு எடுக்கப்பட்டது. 2009-இல் பிரான்ஸ் நாட்டு மிச்செலின் டயர் நிறுவனத்தோடு மாநில அரசு ஒப்பந்தம் போட்டது. எங்கள் ஆடு மாடு எங்கே மேயும், ஏரிக்குத் தண்ணீர் எப்படி வரும் என்று ஊர் மக்கள் கேட்டார்கள், போராடினார்கள், கைதானார்கள். 2012-இல் அவர்களின் குரல் கடல் கடந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்கான நெறிமுறைகளைக் கவனிக்கும் பிரான்ஸ் நாட்டு அமைப்பிடம் புகாராகவே போய்ச் சேர்ந்தது. ஒரு காலனி மக்கள் தங்கள் மேய்ச்சல் காட்டுக்காக அவ்வளவு தூரம் போனார்கள்.

அதே ஊரின் பெயரில் இன்று நீர்த்தேக்கமும் இருக்கிறது. கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பர் 21 அன்று திறக்கப்பட்டது. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. சென்னையின் தாகம் தீரட்டும், அதில் நமக்கு மறுப்பில்லை. தொழிற்சாலையும் வரட்டும், பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால், நகரத்துக்குத் தண்ணீரும் உலகத்துக்கு டயரும் கொடுத்த பகுதியில், ஒரு பிடி கீரை கிள்ள இடம் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மிச்சமிருக்கும் இடத்திலும் தடைகள் உண்டு. வயலில் களைக்கொல்லி அடித்தால் கீரை கருகுகிறது. பூச்சிமருந்தில் நண்டும் நத்தையும் சாகின்றன. ஏரி மீன் பாசிக் குத்தகைக்குப் போய்விடுகிறது. குத்தகை எடுக்கப் பணமும் ஊர்ச் செல்வாக்கும் வேண்டும். பழவேற்காடு ஏரியிலோ ‘பாடு’ முறைப்படி வலை போடும் உரிமை வழிவழியாகச் சில மீனவக் கிராமங்களுக்கே உரியது. இருளர் மக்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறார்கள்.

ஷிப்டு நேரமும் சோற்று நேரமும்

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். நம் பெண்கள் இன்று விடியற்காலையிலேயே கம்பெனிப் பேருந்துக்கு ஓடுகிறார்கள். ஒப்பந்தக் கூலி, எட்டு மணி நேரம், வந்ததும் வீட்டு வேலை. கீரை ஆய நேரம் எங்கே? பிள்ளைகளுக்குப் பாக்கெட் நூடுல்ஸ் இரண்டு நிமிடத்தில் ஆகிவிடுகிறது. 2011 முதல் ரேஷனில் இலவச அரிசி கிடைக்கிறது. அது நம்மைப் பட்டினியிலிருந்து காத்தது, மறுக்க மாட்டோம். ஆனால், தட்டு முழுக்க அரிசியாகவும் ஓரத்தில் துளி குழம்பாகவும் ஆகிவிட்டது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கீரையும் மீனும் கறியும் தட்டிலிருந்து விலகினால் இந்த எண் எப்படிக் குறையும்?

அம்மா பழையபடி அடுப்படியிலேயே நிற்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஷிப்டு முடிந்து வருகிற பெண் தனியாகக் கீரை ஆய வேண்டுமா? அப்பாவும் அண்ணனும் ஆயலாம். கடைவது பெரிய வித்தை இல்லை. படித்த பையன்கள் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மத்தைப் பிடித்துப் பாருங்கள்.

நாம் செய்யக்கூடியவை

மாணவர்களுக்கு முதல் வேலை. உங்கள் ஆயாவோடு ஒருநாள் வரப்பில் நடந்து போங்கள். அவர் அடையாளம் காட்டும் கீரைகளை எழுதுங்கள், படம் எடுங்கள், எந்த மாதம், எப்படிச் சமைப்பது என்று கேளுங்கள். நாற்பது வயதுக்காரர்களான நமக்கே பாதிப் பெயர்கள் மறந்துவிட்டன. அந்தக் கிழவிகளோடு அந்த அறிவும் போய்விடக் கூடாது.

இரண்டாவது வேலை ஊருக்கு. வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரின் மேய்க்கால், ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு எவ்வளவு, இப்போது யார் கையில் என்று அங்கே எழுந்து கேளுங்கள். ஊர்ப்பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊராரிடமே ஒப்படைக்க மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்று, ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்றே தீர்ப்பளித்திருக்கிறது. ஏரி மீனில் காலனிக்கும் பங்கு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். முதல் முறை எழுதிக்கொள்ள மாட்டார்கள். அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள்.

மூன்றாவது, வீட்டுக்கு. குழாயடித் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் ஒரு பொன்னாங்கண்ணி, வாசலோரம் ஒரு முருங்கை, வேலியில் ஒரு தூதுவளை. இரண்டு சென்ட் வீட்டுமனையிலும் இவற்றுக்கு இடம் உண்டு.

அந்த ரயிலில் மீஞ்சூர் வருவதற்குள் மாணவி சாப்பிட்டு முடித்துவிட்டார். ஆயா விடவில்லை. “குழம்பு யாரு வெச்சது?” என்று கேட்டார். “எங்க ஆயா” என்றார் மாணவி. “மாங்கா போட்டாளா?” “போட்டாங்க.” “அதான், வாசன அப்பவே சொல்லிச்சி” என்றார் ஆயா. பிறகு தன் கூடையிலிருந்து ஒரு பிடி பண்ணைக்கீரையை எடுத்து, காலி டிபன் பாக்ஸில் வைத்துக் கொடுத்தார். மூடி சரியாக மூடவில்லை. மாணவி அதை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.